கைவிலங்கும் கைகுலுக்கலும்

சண்டையும் சிரிப்பும் கலந்த இருவர் கூட்டணிக் குற்றப் படங்களில் தவறவிடக் கூடாதவை எவை, அவற்றைப் பிற படங்களிலிருந்து உயர்த்திக் காட்டுவது எது?

ஆக்‌ஷன் காமெடிப் படங்களுக்கும், 'பட்டி' படங்கள் எனப்படும் இருவர் கூட்டணிக் குற்றப் படங்களுக்கும் உலகம் முழுவதும் ரசிகர்கள் இருந்தாலும், அவற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் துப்பாக்கிச் சண்டை, கார் துரத்தல், கைதட்டல் வாங்கும் வசனம் ஆகிய மூன்றோடு நின்றுவிடுகிறது. இவ்வகையின் சிறந்த படங்களை அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு, அந்த மூன்றும் மேற்பூச்சு என்பதும், படத்தைத் தாங்கி நிற்பது இரண்டு மனிதர்களுக்கு இடையே நம்பிக்கை எப்படிப் பிறக்கிறது என்ற ஒரே கேள்விதான் என்பதும் விளங்கிவிடும். கொலையாளி யார், களவு போன பணம் எங்கே என்பவற்றுக்கு விடை தெரிந்த பிறகும் இப்படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றுவதற்கு அந்தக் கேள்வியே காரணம். இக்கட்டுரை அத்தகைய படங்களைப் பரிந்துரைப்பதோடு, ஒரு படம் தேறுமா தேறாதா என்று ரசிகர் தாமே எடைபோட்டுக் கொள்வதற்கான அளவுகோல் ஒன்றையும் முன்வைக்கிறது.

மூன்று உறுப்புகள்

இருவர் கூட்டணிக் குற்றப் படத்துக்கு மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது வேற்றுமை: வயது, நிறம், வர்க்கம், குணம் ஆகியவற்றில் ஒன்றிலோ பலவற்றிலோ இருவரும் எதிரெதிர் முனைகளில் நிற்க வேண்டும். இரண்டாவது கட்டாயம்: ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ள முடியாத அவர்கள் பிரிந்து போகவும் முடியாதபடி ஒரு வழக்கோ, கைவிலங்கோ, கெடு நாளோ அவர்களைக் கட்டிப்போட வேண்டும். மூன்றாவது கைமாற்றம்: வாயால் சொல்லக் கூசுகிற நன்றியையும் மதிப்பையும் ஒருவர் மற்றவரிடம் ஒரு பொருளின் வழியாகவோ செயலின் வழியாகவோ ஒப்படைக்கும் தருணம் அது. வேற்றுமையைப் பெரும்பாலான படங்கள் எளிதில் அமைத்துவிடுகின்றன. கட்டாயத்தில் பல படங்கள் தடுமாறுகின்றன. கைமாற்றத்தைச் சரியாகச் செய்தவையே காலம் கடந்து நிற்கின்றன.

ஆக்‌ஷன் காமெடி என்பது இதனோடு உறவுடைய, ஆனால் வேறான ஒரு வகை. அதில் சண்டையும் சிரிப்பும் மாறி மாறி வந்தால் மட்டும் போதாது. ஒன்று மற்றொன்றிலிருந்து பிறக்க வேண்டும். அடி விழும் முறையே சிரிக்க வைப்பதும், சிரித்து முடிப்பதற்குள் ஆபத்து நெருங்கிவிடுவதும் அதன் இலக்கணம். இவ்விரு வகைகளும் ஒன்றோடொன்று கலந்த இடத்தில்தான் இங்கே பரிந்துரைக்கப்படும் படங்களில் பெரும்பாலானவை பிறந்தன.

டோக்கியோவின் வெயிலும் மிசிசிப்பியின் புழுக்கமும்

இவ்வகையின் வேரைத் தேடுவோர் ஹாலிவுட்டுக்கு முன்பாக ஜப்பானுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. அகிரா குரோசாவா 1949-இல் இயக்கிய 'ஸ்ட்ரே டாக்' படத்தில், தோஷிரோ மிஃபுனே நடித்த முராகாமி என்ற இளம் துப்பறிவாளரின் கைத்துப்பாக்கி நெரிசலான பேருந்தில் களவு போகிறது. அதைத் தேடி, போருக்குப் பிந்தைய டோக்கியோவின் கொளுத்தும் கோடையில் அவர் அலையும்போது, தகாஷி ஷிமுரா நடித்த சாதோ என்ற மூத்த அதிகாரி துணைக்கு வருகிறார். முராகாமி தம் துப்பாக்கியால் நடக்கும் ஒவ்வொரு குற்றத்தையும் தம் தலையில் சுமந்துகொள்பவர். சாதோவோ வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய் உறங்கும் குழந்தைகளின் முகத்தைப் பார்க்கத் தெரிந்தவர். இளையவரை மூத்தவர் தம் சிறிய வீட்டுக்கு அழைத்துச் சென்று பீர் ஊற்றிக் கொடுத்துப் பேசும் காட்சி, பிற்காலத்தில் இவ்வகைப் படங்களில் வந்த வீட்டு விருந்துக் காட்சிகள் பலவற்றுக்கும் மூத்த உறவாக அமைந்திருக்கிறது. இப்படத்தில் சிரிப்பு குறைவு என்றாலும் கட்டமைப்பு முழுமையானது.

நார்மன் ஜூவிசன் இயக்கிச் சிறந்த படத்துக்கானது உட்பட 5 ஆஸ்கர் விருதுகளை வென்ற 'இன் த ஹீட் ஆஃப் த நைட்' (1967) படத்தில், சிட்னி போய்ட்டியே நடித்த ஃபிலடெல்ஃபியா துப்பறிவாளர் வர்ஜில் டிப்ஸ், மிசிசிப்பியின் சிற்றூர் ஒன்றில் ரயிலுக்காகக் காத்திருக்கும்போது, கறுப்பினத்தவர் என்ற ஒரே காரணத்தால் கொலைச் சந்தேகத்தில் பிடிக்கப்படுகிறார். அவர் யார் என்று தெரிந்த பிறகு, ராட் ஸ்டைகர் நடித்த வெள்ளையின உள்ளூர்த் தலைமைக் காவலருக்கு அவருடைய அறிவு தேவைப்படுகிறது. கேட்பதற்கோ மனம் இடங்கொடுப்பதில்லை. அமெரிக்கத் தென்பகுதியின் நிறவெறிச் சூழலைக் கருதிப் போய்ட்டியே அங்கு படப்பிடிப்புக்குச் செல்லத் தயங்கியதால், படத்தின் பெரும்பகுதி இல்லினாய் மாநிலத்தில் எடுக்கப்பட்டது என்பதே அக்கதையின் உண்மைக்குச் சான்று. இறுதியில் அந்தத் தலைமைக் காவலர் டிப்ஸின் பெட்டியைத் தம் கையில் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு வருகிறார். மன்னிப்பு என்ற சொல் எங்கும் உச்சரிக்கப்படாமலேயே, பெட்டியைச் சுமக்கும் அந்தக் கை அதைச் சொல்லிவிடுகிறது.

சட்டத்தின் மறுபக்கத்தில் நிற்கும் இருவரின் தோழமைக்கு இலக்கணம் வகுத்தது ஜார்ஜ் ராய் ஹில் இயக்கிய 'பட்ச் காஸிடி அண்ட் த சண்டேன்ஸ் கிட்' (1969). பால் நியூமனும் ராபர்ட் ரெட்ஃபோர்டும் நடித்த கொள்ளையர் இருவரும், துரத்தி வருபவர்களுக்கும் மலைமுகட்டுக்கும் நடுவே சிக்கிய நிலையில், கீழே ஓடும் ஆற்றில் குதிப்பதா என்று வாதிட, ஒருவருக்கு நீச்சல் தெரியாது என்ற உண்மை அப்போதுதான் வெளிப்படுகிறது. சாவின் விளிம்பில் நின்று சண்டையிட்டுக்கொள்ளும் அந்தப் பேச்சின் மரபை இந்தியாவில் வேரூன்றச் செய்தது, சலீம்-ஜாவேத் எழுதி ரமேஷ் சிப்பி இயக்கிய 'ஷோலே' (1975). ஜெய், வீரு என்ற இரு சில்லறைத் திருடர்களின் கதையில், முடிவெடுக்க வேண்டிய போதெல்லாம் ஜெய் சுண்டிவிடும் நாணயம் கடைசியில் வீருவின் கைக்கு வந்து, அதன் இரு பக்கமும் ஒன்றே என்று தெரியவரும் இடத்தில், இத்தனை நாளும் நண்பன் தனக்காக எதையெல்லாம் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டான் என்பது விளங்குகிறது. கைமாற்றத்துக்கு இதைவிட நிறைவான எடுத்துக்காட்டை உலகத் திரையில் காண்பது அரிது.

1980களில் பிறந்த வடிவம்

இன்று ரசிகர்கள் அறிந்த வடிவம் வால்டர் ஹில் இயக்கிய '48 அவர்ஸ்' (1982) படத்தில் உருவானது. தம் துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு தப்பிய கொலைகாரனைப் பிடிக்க, நிக் நோல்டி நடித்த சான் ஃபிரான்சிஸ்கோ காவல் அதிகாரி ஜாக் கேட்ஸ், அவனுடைய முன்னாள் கூட்டாளியான ரெஜி ஹாமண்டை 48 மணி நேரத்துக்கு மட்டும் சிறையிலிருந்து வெளியே அழைத்து வருகிறார். ரெஜியாக நடித்த எடி மர்ஃபிக்கு இதுவே முதல் படம். அப்போது அவருக்கு வயது 21. வெள்ளையர்கள் மட்டுமே நிறைந்த ஒரு மதுக்கூடத்துக்குள் கேட்ஸின் காவலர் பேட்ஜை வாங்கிக்கொண்டு ரெஜி தனியாக நுழைந்து, ஒரு கூடம் முழுவதையும் குரலாலும் நடையாலும் மட்டுமே அடக்கிவிடும் காட்சி, ஒரு நட்சத்திரம் பிறந்த தருணம் என்பதோடு, அதிகாரத்தின் அடையாளம் கைமாறிய தருணமும் ஆகும். அதே பேட்ஜ் கைதியின் கைக்குப் போனதும், இதுவரை அது எதைக் காத்துவந்தது, யாரை அடக்கிவந்தது என்பது பார்ப்பவருக்கும் கேட்ஸுக்கும் ஒரே நேரத்தில் புரிகிறது.

இருபதுகளின் நடுவில் இருந்த ஷேன் பிளாக் எழுதி, ரிச்சர்ட் டானர் இயக்கிய 'லீதல் வெப்பன்' (1987), இந்த வடிவத்துக்குள் துயரத்தைக் கொண்டுவந்தது. டேனி குளோவர் தம் நாற்பது வயதில் நடித்த மர்டா, 50-ஆவது பிறந்தநாளைக் கடக்கும் குடும்பஸ்தர். மெல் கிப்சன் நடித்த ரிக்ஸ், மனைவியை இழந்து, கடற்கரையோர டிரெய்லர் வண்டியில் தனித்து வாழ்ந்து, தற்கொலைக்கென ஒரு தோட்டாவைத் தனியே எடுத்து வைத்திருப்பவர். வழக்கை மறந்துவிட்டவர்கள்கூட, கிறிஸ்துமஸ் நாளில் ரிக்ஸ் மர்டாவின் வீட்டு வாசலுக்கு வந்து, அந்தத் தோட்டாவை அவருக்கான பரிசாக மகளிடம் கொடுத்துச் செல்லும் காட்சியை மறப்பதில்லை. இனி இது எனக்குத் தேவைப்படாது என்பதைத் தவிர வேறு பொருள் அந்தப் பரிசுக்கு இல்லை. இவ்வளவு கனமான செய்தியை இவ்வளவு சிறிய பொருளில் ஏற்றத் தெரிந்ததே அப்படத்தின் உண்மையான சாதனை.

இவ்வகையின் சிகரம்

ஒரே ஒரு படம் பார்க்கத்தான் நேரமிருக்கிறது என்று சொல்லும் ரசிகருக்கு மார்ட்டின் பிரெஸ்ட் இயக்கிய 'மிட்நைட் ரன்' (1988) படத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கலாம். ராபர்ட் டி நீரோ நடித்த ஜாக் வால்ஷ், ஜாமீனில் வெளிவந்து தலைமறைவானவர்களைக் கூலிக்குப் பிடித்துக் கொடுப்பவர். முன்பு சிகாகோவில் நேர்மையான காவலராக இருந்து, லஞ்சம் வாங்க மறுத்ததால் வேலையையும் குடும்பத்தையும் இழந்தவர். சார்லஸ் குரோடின் நடித்த ஜொனாதன் மர்டூகாஸ் ஒரு கணக்கர். தம் முதலாளி மாஃபியா தலைவன் என்று அறிந்ததும் அவனுடைய 1.5 கோடி டாலரைச் சுருட்டி, பெரும்பகுதியை அறப்பணிகளுக்குக் கொடுத்துவிட்டுத் தலைமறைவானவர். நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு இவரைக் கெடு முடிவதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்தால் வால்ஷுக்கு ஒரு லட்சம் டாலர் கிடைக்கும். விமானத்தில் ஏறினால் மூச்சுத் திணறும் என்று கணக்கர் அடம்பிடிப்பதால், சில மணி நேரப் பயணம் ரயில், பேருந்து, கார், சரக்கு ரயில் என்று நாடு முழுவதும் நீள்கிறது. பின்னாலேயே கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையினரும், மாஃபியா ஆட்களும், போட்டிக்கு வந்த மற்றொரு பிடிகாரரும் தொடர்கிறார்கள்.

இப்படத்தின் சிரிப்பு துரத்தலில் இல்லை, நச்சரிப்பில் இருக்கிறது. கைவிலங்கோடு அமர்ந்திருக்கும் கணக்கர், தம்மைச் சிறைக்கு இழுத்துச் செல்பவரிடம் புகைபிடிக்காதீர்கள், எண்ணெய்ப் பண்டம் தின்னாதீர்கள், பரிமாறியவருக்கு நியாயமான டிப்ஸ் வையுங்கள் என்று அக்கறையோடு ஓதிக்கொண்டே இருக்க, வால்ஷின் முகத்தில் எரிச்சல் ஒவ்வொரு படியாக ஏறுகிறது. பிறகு சிகாகோவில் பணத்துக்கு வழியின்றி வால்ஷ் முன்னாள் மனைவியின் வீட்டுக் கதவைத் தட்டும்போது, ஒன்பது ஆண்டுகளாகப் பார்க்காத மகள் வாசலில் வந்து நிற்கிறாள். குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு சம்பாதித்த தன் சேமிப்பை அப்பாவிடம் நீட்டுகிறாள். அவர் வாங்கிக்கொள்வதில்லை. நச்சரித்துக்கொண்டே வந்த கணக்கர் அந்தச் சில நிமிடங்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் நிற்கிறார் என்பதைக் கவனிப்பவர், இவ்விருவருக்கும் இடையிலான உறவு அந்த வாசலில்தான் திரும்பியது என்பதைக் கண்டுகொள்வார். இறுதிக் காட்சியில் ஒருவர் மற்றவருக்கு எதைக் கொடுக்கிறார் என்பதை இங்கே சொல்லிவிடுவது, இனிமேல்தான் பார்க்கப்போகும் ரசிகருக்குச் செய்யும் அநீதி ஆகும்.

உடம்பே வசனமாகும்போது

ஆக்‌ஷனிலிருந்தே நகைச்சுவையைப் பிறப்பிப்பதில் ஜாக்கி சானுக்கு நிகரானவர் அண்மைக் காலத் திரையில் இல்லை. அவரே இயக்கி நடித்த 'போலீஸ் ஸ்டோரி' (1985) படத்தின் இறுதியில், ஹாங்காங் வணிக வளாகம் ஒன்றின் பல மாடி உயரத்தில் இருந்து, மின்விளக்குச் சரங்கள் சுற்றிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சறுக்கி இறங்கும் சாகசத்தில் அவருடைய கைகள் வெந்துபோயின. பஸ்டர் கீட்டன் போன்ற மௌனப்பட மேதைகளிடமிருந்து அவர் கற்ற பாடம், அடிப்பவனைவிட அடிக்குத் தப்பிப்பவனே சிரிப்புக்கு உரியவன் என்பதாகும்.

அந்தக் கலையை ஹாலிவுட்டின் இருவர் கூட்டணி வடிவத்தோடு சேர்த்தது பிரெட் ராட்னர் இயக்கிய 'ரஷ் ஹவர்' (1998). சீனத் துணைத் தூதரின் மகள் கடத்தப்பட்ட வழக்குக்காக ஹாங்காங்கிலிருந்து வரும், ஜாக்கி சான் நடித்த அதிகாரி லீ குறுக்கே வந்துவிடக் கூடாது என்பதற்காக, அவரை ஊர் சுற்றிக் காட்டச் சொல்லி, கிரிஸ் டக்கர் நடித்த வாயாடி அதிகாரி கார்ட்டரைப் புலனாய்வுத் துறை அனுப்புகிறது. இருவருமே வேண்டாதவர்களாக ஒதுக்கப்பட்டவர்கள் என்பதுதான் அவர்களைக் கட்டும் கயிறு. கண்காட்சிக் கூடத்தின் இறுதிச் சண்டையில் தொன்மையான ஜாடிகள் விழுந்து உடையாமல் தாங்கிக்கொண்டே, எதிரிகளின் அடியையும் தடுத்து நிற்கும் ஜாக்கி சான், எல்லாவற்றையும் காப்பாற்றி மூச்சுவிடும் நேரத்தில், கடைசி ஜாடி தோட்டா பட்டுச் சிதறுகிறது. ஒரு கலைப்பொருளின் மதிப்பு, சண்டையின் வேகம், முயற்சியின் வீண் ஆகிய மூன்றும் ஒரே அசைவில் வெளிப்படும் அந்தச் சில நொடிகளே ஆக்‌ஷன் காமெடிக்கு இலக்கணம்.

புதிய நூற்றாண்டின் தேர்வுகள்

'லீதல் வெப்பன்' எழுதிய ஷேன் பிளாக் பின்னாளில் இயக்குநராகித் தந்த 'தி நைஸ் கைஸ்' (2016), 1977-ஆம் ஆண்டின் புகை மண்டிய லாஸ் ஏஞ்சலஸில் நடக்கிறது. ரஸ்ஸல் குரோ நடித்த அடியாள் ஹீலிக்கும், ரையன் காஸ்லிங் நடித்த தனியார் துப்பறிவாளர் மார்ச்சுக்கும் அறிமுகமே, முன்னவர் பின்னவரின் கையை முறிப்பதில் தொடங்குகிறது. பிறகு கழிப்பறையில் அமர்ந்திருக்கும் மார்ச், மாவுக்கட்டுப் போட்ட கை, வாயில் சிகரெட், மடியில் வாரப் பத்திரிகை ஆகியவற்றோடு, அடைத்துக்கொள்ளும் கதவைக் காலால் தள்ளித் திறந்தபடியே துப்பாக்கியைக் குறிபார்க்க முயலும் காட்சியில் காஸ்லிங்கின் உடல்மொழி மௌனப்படக் காலத்தை நினைவூட்டுகிறது. மார்ச்சின் பதின்ம வயது மகளாக நடித்த ஆங்கரி ரைஸ்தான் படத்தின் மனச்சான்று; இரு ஆண்களும் நல்லவர்களாக முயல்வது அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதற்காகவே.

பிரிட்டனிலிருந்து வந்த எட்கர் ரைட்டின் 'ஹாட் ஃபஸ்' (2007), இவ்வகைப் படங்களைக் கேலி செய்வதுபோல் தொடங்கி, அவற்றின் மீது கொண்ட பேரன்பை நிரூபிக்கிறது. அளவுக்கு மீறித் திறமையாக இருப்பதால் லண்டனிலிருந்து சிற்றூருக்கு மாற்றப்படும் அதிகாரியாகச் சைமன் பெக்கும், ஆக்‌ஷன் படங்களைப் பார்த்தே வளர்ந்த உள்ளூர்க் காவலராக நிக் ஃபிராஸ்டும் நடித்துள்ளனர். தப்பியோடும் அன்னம், தாண்ட முடியாத வேலி, களஞ்சியத்தில் கிடக்கும் பழைய கண்ணிவெடி என்று முதல் பாதியில் சிரிப்புக்காக வந்த ஒவ்வொன்றும் இரண்டாம் பாதியில் கதைக்குத் தேவையான கருவியாகத் திரும்பி வருகிறது. திரைக்கதை பயில்வோருக்கு இதுவே ஒரு பாடநூல். இருண்ட நகைச்சுவையை விரும்புவோர் மார்ட்டின் மெக்டோனாவின் 'இன் ப்ரூஜ்' (2008) படத்தைத் தேடலாம். பெல்ஜிய நகரம் ஒன்றில் ஒளிந்திருக்கப் பணிக்கப்பட்ட இரு கூலிக் கொலையாளிகளில், தவறுதலாக ஒரு குழந்தையைக் கொன்றுவிட்ட இளையவரின் குற்றவுணர்வை மூத்தவர் தாங்கிப் பிடிக்கும் கதை அது.

கொரியாவின் 'எக்ஸ்ட்ரீம் ஜாப்' (2019) இருவர் கூட்டணியை ஐவர் கூட்டணியாக விரிக்கிறது. போதைக் கும்பலைக் கண்காணிக்க எதிரே இருக்கும் கோழி வறுவல் கடையை விலைக்கு வாங்கும் தோல்வியுற்ற காவலர் குழு, அதில் ஒருவரின் குடும்ப மசாலாவால் கடை ஊரெங்கும் புகழ்பெற்றுவிட, வாடிக்கையாளரைக் கவனிப்பதா குற்றவாளியைக் கவனிப்பதா என்று தெரியாமல் திண்டாடுகிறது. தென்கொரியாவில் 1.6 கோடிக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்ற இப்படம், சொந்த வேலையில் மதிப்பிழந்தவர்கள் வேறொரு வேலையில் மதிப்பைக் கண்டடையும் மகிழ்ச்சியை உண்மையாகச் சொல்கிறது.

நெடுங்காலம் ஆண்களுக்கே உரியதாக இருந்த இந்த வடிவத்தில், பால் ஃபைக் இயக்கிய 'தி ஹீட்' (2013) சாண்ட்ரா புல்லக்கையும் மெலிசா மெக்கார்த்தியையும் இணைத்தது. வளர்ப்பு வீடுகளில் வளர்ந்து தோழியரே இல்லாத அதிகாரியின் பள்ளி ஆண்டு மலரில், மற்றவர் இனி உனக்கு ஒரு சகோதரி உண்டு என்ற பொருளில் எழுதித் தரும் இடம், இங்கே முன்வைக்கப்பட்ட அளவுகோலுக்கு முழுமையாகப் பொருந்துகிறது. குழந்தைகளோடு பார்க்க விரும்புவோருக்கு, ஆஸ்கர் வென்ற அனிமேஷன் படமான 'ஸூடோபியா' (2016) ஏற்றது. முயல் காவலருக்கும் நரி எத்தனுக்கும் அதில் கொடுக்கப்படும் கெடுவும் 48 மணி நேரமே, அவர்களிடையே கைமாறும் பொருள் ஒரு கேரட் வடிவப் பேனா.

ரசிகரின் பொறுப்பு

இப்படங்களை நேசிப்பவர் அவற்றின் குறையையும் காண வேண்டும். விதிகளை மீறும் காவலரே வீரர் என்றும், விசாரணையில் விழும் அடி சிரிப்புக்கு உரியது என்றும் இவ்வகை நெடுங்காலம் கற்பித்துவந்தது; காவல் நிலையத்தில் அடிபட்டவரின் பார்வையிலிருந்து அந்தச் சிரிப்பு அவற்றில் ஏறக்குறைய எங்கும் சோதிக்கப்படவில்லை. '48 அவர்ஸ்' படத்தில் கேட்ஸ் பேசும் இனவசைகள் இன்று கேட்கக் கூசுபவை. பின்னர் அவர் அதற்கு வருந்துவதாகக் காட்டப்பட்டாலும் வசையின் கூர்மை குறைவதில்லை. 'இன் த ஹீட் ஆஃப் த நைட்' உயர்ந்து நிற்பதற்குக் காரணம், அதிகாரம் தவறும் இடத்தை அது சிரிப்பால் மூடாமல் கதையின் மையமாகவே வைத்ததுதான். ஆகவே இவற்றில் பல வயது வந்தோருக்கானவை என்பதை நினைவில் கொண்டு, வீட்டில் இளையோர் உடனிருந்தால் படம் முடிந்த பிறகு இக்கேள்விகளைப் பேசுவது நல்லது.

எந்த வரிசையில் பார்ப்பது

புதிதாகத் தொடங்குவோர் 'மிட்நைட் ரன்', 'ரஷ் ஹவர்', 'ஹாட் ஃபஸ்' என்ற வரிசையில் சென்றால், பேச்சு, உடல், திரைக்கதை ஆகிய மூன்றிலிருந்தும் சிரிப்பு எப்படிப் பிறக்கிறது என்பதை அறியலாம். அடுத்து '48 அவர்ஸ்', 'லீதல் வெப்பன்', 'தி நைஸ் கைஸ்' ஆகியவற்றைத் தொடர்ந்து பார்த்தால் ஒரு வடிவம் பிறந்து முதிர்ந்த கதை விளங்கும். ஏற்கெனவே இவற்றையெல்லாம் பார்த்துவிட்டவர் 'ஸ்ட்ரே டாக்' படத்துக்குச் செல்வதே முறை. கிளைகளைக் கண்டவருக்கு வேரின் சுவை கூடுதலாகத் தெரியும்.

இரண்டாம், மூன்றாம் பாகங்கள் பெரும்பாலும் ஏமாற்றுவதற்கான காரணமும் இந்த அளவுகோலிலேயே அடங்கியிருக்கிறது. முதல் பாகத்தின் இறுதியில் நம்பிக்கை கைமாறிவிட்ட பிறகு, கொடுப்பதற்கு அவர்களிடம் எதுவும் மிஞ்சுவதில்லை. அதனால்தான் 'அனதர் 48 அவர்ஸ்' (1990) தீர்ந்துபோன சண்டையை மீண்டும் வலிந்து மூட்ட வேண்டியிருந்தது. ஆகவே ஒரு புதிய படத்தைத் தேர்ந்தெடுக்கும் ரசிகர், அதில் எத்தனை கார்கள் வெடிக்கின்றன என்று பார்ப்பதை விட்டு, இந்த இருவரும் ஏன் இப்போதே பிரிந்து போகவில்லை, ஒருவர் மற்றவருக்கு எதை விட்டுக்கொடுக்கப் போகிறார் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும். இரண்டுக்கும் விடை வைத்திருக்கும் படம், சண்டைக் காட்சி சுமாராக இருந்தாலும், இரண்டு மணி நேரத்தைக் கொடுக்கத் தகுதியானது.